வீட்டுத்தோட்டம்: கொத்தாத தறைக்குக் குப்பை தேடுவோம்



சென்ற இதழில் பார்செல்ஹாகேக்கு எப்படிப் பெயர் பதிவது என்று எழுதியிருந்தேன். அதன் பின் கடையிலும் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலிலும் கண்டவர்கள் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "நிலம் கிடைத்துவிட்டது. ஆனால் முழங்கால் உயரத்துக்குப் புல், அதற்குக் கீழே ஒட்டுக் களிமண். கொத்தாமலே தோட்டம் செய்யலாம் என்று பக்கத்து நோர்வேக்காரர் சொல்கிறார். அதற்கு நிறையக் குப்பை வேண்டுமாம். அவ்வளவையும் எங்கே எடுப்பது?"

குப்பை என்றவுடன் இங்கே பிறந்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஊரில் தோட்டக்காரன் குப்பை என்றால் மாட்டெருவும் தழையும் சாம்பலும் சேர்ந்து மக்கிய பசளை. இங்கே அதற்குக் கொம்பொஸ்த் என்று பெயர். இந்த இதழில் அதைப் பற்றியே பார்ப்போம்.

இது சின்ன விஷயம் இல்லை. ஒஸ்லோவில் நிலத்துண்டு ஒன்றுக்குச் சில குடும்பங்கள் ஆண்டுக் கணக்கில் காத்திருக்கின்றன. கிடைத்த நிலத்தைக் களை மூடவிட்டால் பல சங்கங்கள் அதைத் திருப்பி எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். பயிர் வளரும் காலமும் மே நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரைதான். முதல் தடவையே பிழையான குப்பையைக் கொட்டினால் காசும் போய், அந்த ஆண்டும் போய்விடும்.

கொத்தாமல் எப்படி?

ஒஸ்லோவைச் சுற்றிய பள்ளங்களில் இருப்பது பெரும்பாலும் பழைய கடலடிக் களிமண். பனிக்காலம் முடிந்து ஈரமாக இருக்கும்போது கொத்தினால் கட்டி கட்டியாகப் பெயரும். காய்ந்தால் செங்கல்லாகிவிடும். கொத்தக் கொத்த அடியில் உறங்கும் களை விதைகள் மேலே வந்து முளைக்கும். புல்லின் வேரை நாலாக வெட்டினால் நாலும் தளிர்க்கும். தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து இந்த வேலையைச் செய்ய யாருக்கு உடம்பு கேட்கும்?

கொத்தாத முறையில் புல்லை ஒட்ட வெட்டி அப்படியே விடுவோம். அதன் மேல் காட்போட் மட்டையை ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி விரித்து நன்றாக நனைப்போம். அதன் மேல் 10 முதல் 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நன்றாக மக்கிய குப்பையைப் பரப்பி, அதிலேயே நடுவோம். வெளிச்சம் இல்லாமல் புல் சாகும். மட்டை உக்கும். மண்புழு மேலேயுள்ள குப்பையைக் கீழே இழுத்துச் சென்று களிமண்ணோடு கலக்கும். மண்வெட்டி செய்யும் வேலையைப் புழு செய்கிறது.

இங்கிலாந்தின் சொமர்செற் பகுதியில் சார்ள்ஸ் டௌடிங் என்பவர் 1980களின் தொடக்கத்திலிருந்து இப்படியே மரக்கறி பயிரிட்டு விற்று வருகிறார். யப்பானில் மசானொபு ஃபுகுவோகா உழாமலே நெல் விளைவித்தார். எங்களுக்கும் இது முழுக்கப் புதிது அல்ல. உழுவதிலும் பசளை இடுவதே மேல் என்ற கருத்தை வள்ளுவர் உழவு அதிகாரத்திலேயே சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்தில் வேலி பிரித்த பழைய பனையோலையைத் துண்டாக்கித் தறைக்குள் தாழ்த்ததும், பூவரசங்குழை வெட்டிப் புதைத்ததும், பட்டி மாடு அடைத்ததும், வண்டில் கணக்கில் குப்பை ஏற்றுவித்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்க்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த பாடம். வண்டில்காரனை இங்கே எங்கே பிடிப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் கணக்கு

கடைக்குப் போகுமுன் கடுதாசியை எடுங்கள். ஒரு பாத்தி 1.2 மீற்றர் அகலம், 5 மீற்றர் நீளம் என்று வைப்போம். பரப்பு 6 சதுர மீற்றர். உயரம் 15 சென்ரிமீற்றர். பெருக்கினால் 0.9 கன மீற்றர், அதாவது 900 லீற்றர். 40 லீற்றர்ப் பையில் வாங்கினால் 23 பை வேண்டும். 50 லீற்றர்ப் பை என்றால் 18.

விலையை ஒப்பிட ஒரே வழி, எல்லாவற்றையும் கன மீற்றருக்கு மாற்றுவது. ஒரு கன மீற்றர் என்றால் 1000 லீற்றர். உதாரணமாக 40 லீற்றர்ப் பை ஒன்று 100 குறோணர் என்றால், கன மீற்றர் 2500 குறோணர். அதே அளவைத் தளர்வாக, பையில்லாமல் விற்கும் இடத்தில் என்ன விலை, ஏற்றுக்கூலி என்ன என்று கேட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பாத்திக்கு மேல் போடுபவர்களுக்குப் பை பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

நிலம் முழுவதையும் முதல் ஆண்டே நிரப்ப வேண்டியதில்லை. இரண்டு பாத்தியை ஒழுங்காகப் போடுங்கள். மிச்சத்தைக் காட்போட் மட்டையாலோ கறுப்புத் தறப்பாளாலோ மூடிக் கல் வையுங்கள். களை அடங்கும். நிலம் கவனிக்கப்படுகிறது என்று சங்கத்தாருக்கும் தெரியும். அடுத்த ஆண்டு அந்த இடம் தயாராக இருக்கும். ஒருமுறை போட்ட பாத்திக்குப் பின்னர் ஆண்டுக்கு 3 சென்ரிமீற்றர் போதும். மேலே சொன்ன பாத்திக்கு அது 180 லீற்றர்தான். பெரிய செலவு முதல் ஆண்டில் மட்டுமே.

எங்கே எடுக்கலாம்?

முதலாவது, கொம்யூன். நகரத்து மக்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் இலை, கிளை, புல் போன்ற தோட்டக் கழிவை ஒஸ்லோ கொம்யூன் குறொன்முவில் மக்கவைத்துக் கொம்பொஸ்தாக விற்கிறது. குறொன்மு நகரின் தென்கிழக்கே, கிளெமெத்ஸ்றூட் பக்கம் இருக்கிறது. முன்பு ஒஸ்லோவின் குப்பைமேடு இருந்த இடம். விலையும் கொடுக்கும் நாட்களும் மாறும், வசந்தத்தில் முடிந்துவிடவும் கூடும். ஆகவே புறப்படுமுன் கொம்யூனிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பலர் நினைப்பது போல, வீட்டில் பச்சைப் பையில் கட்டிப் போடும் சோற்றுக் கழிவு இதில் சேர்வதில்லை. அது றூமரிக்கவில் உள்ள வாயு ஆலைக்குப் போய் வாகன எரிபொருளாகவும் கமக்காரருக்கான பசளையாகவும் மாறுகிறது.

தோட்டக் கழிவுக் கொம்பொஸ்தில் உப்பு குறைவு, கட்டமைப்பு நல்லது. ஆனால் உடனே கிடைக்கும் தழைச்சத்தும் குறைவாகவே இருக்கும். கீரை, கோவா, பூசணி போடும் பாத்தியில் கடையில் விற்கும் உலர்ந்த கோழிப்பசளைக் குருணியைப் பையில் எழுதியுள்ள அளவுப்படி தூவிவிடுங்கள்.

இரண்டாவது, மண்ணும் கொம்பொஸ்தும் மொத்தமாக விற்கும் நிறுவனங்கள். தளர்வாக லொறியில் கொட்டுவார்கள், அல்லது ஸ்தூர்செக் எனப்படும் பெரிய சாக்கில் பாரந்தூக்கி லொறியால் இறக்குவார்கள். இவர்களிடம் 'யூர்' என்று கேட்டால் மண் வரும். மணலும் களியும் கலந்த மண்ணைக் காட்போட்டின் மேல் கொட்டினால் அதனோடு அதில் உள்ள களை விதையும் வரும். கொம்பொஸ்த் என்று தெளிவாகக் கேளுங்கள்.

மூன்றாவது, கடைப் பை. ஒரு பாத்திக்கும் பல்கனிக்கும் இது வசதி. ஆனால் பையின் பின்பக்கத்தை வாசியுங்கள். மலிவாக விற்கும் 'பிளாந்தயூர்' பலவற்றில் இருப்பது பெரும்பாலும் தொர்வ், அதாவது சதுப்பு நிலத்தில் வெட்டிய கரி போன்ற பொருள். அதில் சேர்த்த உரம் சில கிழமைகளில் தீர்ந்துவிடும். ஒருமுறை காய்ந்தால் தண்ணீர் பிடிக்காது. நாற்றுக்குச் சரி, கொத்தாத பாத்திக்கு அடித்தளமாகச் சரிவராது.

நான்காவது, குதிரைப் பண்ணை. ஒஸ்லோவின் ஓரங்களில், மாரிடாலன், சொர்க்கடாலன் பக்கமெல்லாம் குதிரை வளர்க்கிறார்கள். எரு அவர்களுக்குச் சுமை. பல இடங்களில் இலவசமாகவே தருவார்கள். புது எரு சூடு, வேரை எரிக்கும். ஓராண்டாவது குவித்து மூடிவைத்து, கறுத்து, குதிரைச் சாணம் என்றே தெரியாத நிலைக்கு வந்ததை எடுங்கள். மரத்தூள் அதிகம் கலந்திருந்தால் இன்னும் காலம் வேண்டும். அது மண்ணின் தழைச்சத்தை உறிஞ்சும்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. புல்லிலும் தானிய வயலிலும் களைக்கு அடிக்கும் குளோபிறலிட், அமினோபிறலிட் போன்ற மருந்துகள் வைக்கோல் வழியாகக் குதிரையின் வயிற்றுக்குள் போய், அழியாமல் எருவிலும் இருக்கும். குதிரைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தக்காளி, அவரை, பட்டாணி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இலை சுருண்டு பயிர் கெடும். வைக்கோல் எங்கிருந்து வந்தது, மருந்தடித்த வயலா என்று பண்ணைக்காரரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கீழே சொல்லும் சோதனையைச் செய்யாமல் ஏற்றாதீர்கள்.

ஐந்தாவது, அக்கம்பக்கத்தார் சும்மா தருவது. மனம் நல்லதாக இருக்கும், குவியல் அப்படி இருக்க வேண்டும் என்றில்லை. நோர்வேயில் 1988-இல் முதன்முதலில் காணப்பட்ட புறூன்ஸ்கூக்ஸ்னைல் என்ற கபில நத்தை, ஓடில்லாத பெரிய நத்தை, இப்படியான மண்ணோடும் செடியோடும்தான் தோட்டத்துக்குத் தோட்டம் பரவியது. ஒரு நத்தை நூற்றுக் கணக்கில் முட்டையிடும். மண்ணுக்குள் சவ்வரிசி போல வெள்ளை உருண்டைகள் கொத்தாகக் கண்டால் அந்தக் குவியலைத் தொடாதீர்கள். வெளி மண்ணைக் கொண்டுவரலாமா என்று உங்கள் சங்கத்தின் விதியையும் முதலில் கேளுங்கள். குவியல் உள்ளே 55 பாகைக்கு மேல் சூடேறிப் பலமுறை புரட்டப்பட்டிருந்தால் முட்டையும் களை விதையும் சாகும். பெரிய ஆலைகளில் அந்தச் சூடு வரும். வீட்டு மூலையில் கிடக்கும் சிறு குவியலில் இந்தக் குளிர் நாட்டில் பெரும்பாலும் வராது.

விற்பவரிடம் கேட்பது

மொழி தடுமாறினாலும் வெட்கப்பட வேண்டாம். இந்த நாலு கேள்வியையும் எழுதிக்கொண்டு போங்கள்.

"வா ஏர் டென் லாகெத் ஆவ்?" – இது எதிலிருந்து செய்தது?

"ஏர் டென் மூடன்?" – நன்றாக மக்கி முடிந்ததா?

"ஏர் டே தொர்வ் ஈ டென்?" – தொர்வ் கலந்திருக்கிறதா?

"ஹார் டேரெ வாறடெக்லறாஸ்யூன்?" – பொருள் விபரத்தாள் உண்டா?

கடைசிக் கேள்வி முக்கியம். ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களின் அளவைக் கொண்டு இப்படியான பசளைகளை 0, 1, 2, 3 என்று தரம் பிரிக்கும் முறையை 2003-ஆம் ஆண்டின் விதி கொண்டுவந்தது. விதிகள் 2025-இல் புதுப்பிக்கப்பட்டன. 0 அல்லது 1 என்று தாளில் இருந்தால் மனநிம்மதியோடு வாங்கலாம். 3-ஆம் தரம் சாப்பாட்டுப் பயிர் நிலத்துக்கு உரியதல்ல. தாளே இல்லை என்பவரிடம் பிள்ளைகள் தின்னும் கரட்டுக்குக் குப்பை வாங்க வேண்டாம்.

உங்கள் நிலத்தையும் மறக்கக் கூடாது. உள்நகரத்துப் பழைய வீட்டடிகளில் பழைய பூச்சும் புகையும் விட்ட ஈயம் மண்ணில் இருக்கலாம். கொம்யூன் நகரின் பாலர் பாடசாலைகள் பலவற்றின் மண்ணைச் சோதித்து மாற்றிய காலமும் உண்டு. அப்படியான இடத்தில் 15 சென்ரிமீற்றர்க் குப்பை போதாது. அடியில் துணி விரித்து, உயர்ந்த பெட்டிக்குள் நடுங்கள்.

வாளிச் சோதனை

மொத்தமாகச் சொல்லுமுன் ஒரு வாளி மட்டும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மார்ச் மாதம் இதற்கு நல்ல நேரம்.

முகர்ந்து பாருங்கள். மழை பெய்த காட்டின் மணம் வந்தால் நல்லது. மூக்கை எரித்தாலோ புளித்து நாறினாலோ இன்னும் மக்கவில்லை. ஒரு கைப்பிடியை ஈரமாக்கி பிளாஸ்ரிக் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வையுங்கள். பை ஊதி நாறினால் வேண்டாம்.

அடுத்து இரண்டு யோக்கட் பேணியை எடுங்கள். ஒன்றில் வாங்கிய குப்பை, மற்றதில் கடையில் வாங்கிய நாற்று மண். இரண்டிலும் கார்ஸெ விதை தூவுங்கள். சில நாளில் முளைக்கும். குப்பைப் பேணியில் முளை மஞ்சளாக நின்றால் இன்னும் பொறுக்க வேண்டும். இதேபோல அவரையோ பட்டாணியோ ஊன்றி மூன்று நாலு கிழமை வளர விடுங்கள். புது இலை கிண்ணம் போலச் சுருண்டு முறுகினால் களைமருந்து இருக்கிறது. அந்தக் குப்பையை விட்டுவிடுங்கள். யன்னலோரத்தில் இரண்டு பேணி வைப்பதற்குச் செலவில்லை. நாலு கன மீற்றரைக் கொட்டிய பின் அள்ளி எடுப்பதற்கு யாரிடமும் பலமில்லை.

கொண்டு வருவது

கூட்டெரு ஒரு கன மீற்றர், ஈரத்தைப் பொறுத்து, 600 முதல் 800 கிலோ வரை இருக்கும். வாடகைக்குக் கிடைக்கும் சிறிய தில்ஹெங்கர் பெரும்பாலும் மொத்த எடை 750 கிலோ வரைக்கும் உரியது. அதன் சொந்த எடையைக் கழித்தால் ஏற்றக்கூடியது சுமார் 550 கிலோதான். ஆகவே காய்ந்த குப்பை என்றால் முக்கால் கன மீற்றர், மழையில் நனைந்தது என்றால் அரை. பெட்டியில் இடம் இருக்கிறதே என்று நிரப்பினால் வழியில் பொலிஸ் மறித்துத் தண்டம் அடிக்கும், அல்லது இறக்கத்தில் பிறேக் பிடிக்காது. மேலே வலையோ தறப்பாளோ கட்டாயம் கட்டுங்கள்.

நாலு குடும்பம் சேர்ந்தால் ஒரு லொறி சொல்லலாம். ஏற்றுக்கூலி நாலாகப் பிரியும். ஆனால் லொறி எங்கே நிற்கும், எங்கே கொட்டும், எத்தனை நாளில் அள்ளி முடிக்க வேண்டும் என்று சங்கத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். வாசலையும் அவசர வண்டி போகும் பாதையையும் மறிக்கக் கூடாது. பக்கத்து நிலத்து நோர்வேக்காரரையும் கேட்டுப் பாருங்கள். டுக்னாட் என்று சொன்னால் அவர்கள் தள்ளுவண்டியோடு வந்து நிற்பார்கள். ஊரில் கூடிச் செய்த வேலைக்கு இங்கே இருக்கும் பெயர் அது. ஒரு சனிக்கிழமை சேர்ந்து குப்பை தள்ளினால் ஆண்டு முழுவதும் பேசப் பழக ஆள் கிடைக்கும்.

காட்போட் மட்டையைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள், மட்டை அமுக்கும் யந்திரத்துக்குள் போகுமுன் மேற்பார்வையாளரிடம் கேட்டு எடுங்கள். பளபளக்கும் படம் போட்டது வேண்டாம், வெறும் கபில நிற மட்டை போதும். ரேப்பையும் கம்பிக் குத்துகளையும் கழற்றிவிடுங்கள். பாத்திக்குப் பலகை வேண்டுமென்றால் பலட்டின் மேல் மாட்டும் சட்டம், இங்கே பல்லகார்ம் என்பார்கள், நல்லது. 120க்கு 80 சென்ரிமீற்றர் சட்டம் ஒன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர்க் குப்பை பிடிக்கும். மரத்தில் குத்திய முத்திரையைப் பாருங்கள். 'எச்.ரி.' என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது. 'எம்.பி.' என்றால் நச்சு வாயு அடித்தது, அதைத் தொடாதீர்கள்.

எப்போது?

எல்லாரும் ஏப்ரல், மே மாதத்தில் குப்பைக்கு ஓடுகிறார்கள். அப்போது விலையும் கூட, லொறியும் கிடையாது. இயலுமானவர்கள் ஒக்டோபரில், நிலம் உறையுமுன், மட்டையும் குப்பையும் போட்டுவிடுங்கள். பனிக்கு அடியில் மட்டை ஊறி, புல் செத்து, வசந்தத்தில் பாத்தி தயாராக இருக்கும். வசந்தத்தில் போடுபவர்கள் முதல் ஆண்டு உருளைக்கிழங்கு, பூசணி, அவரை, பீற்றூட், வெங்காயம் என்று வையுங்கள். மல்லியும் வெந்தயக் கீரையும் எந்த மூலையிலும் வரும். பூசணி, அவரை போன்ற குளிர் தாங்காதவற்றை மே 17 கழியுமுன் வெளியே வைக்க வேண்டாம்.

ஸ்குவாலர்க்கோல் என்ற களை மட்டும் மட்டையைத் துளைத்து வரும். தலை தெரியும் போதெல்லாம் பிடுங்கி, மேலே இன்னொரு மட்டை போடுங்கள். இரண்டு கோடையில் களைத்துப் போகும். அதன் இளந்தளிரைச் சரியாக அடையாளம் தெரிந்தவர்கள் வறை செய்து சாப்பிடலாம். நல்ல ருசி.

ஒஸ்லோவின் றூடலொக்கா கொலோனிஹாகே 1907-இல் தொடங்கியது. நிலமில்லாமல் நெருக்கமான வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்கள் உருளைக்கிழங்கு வைக்கவும் பிள்ளைகளை வெயிலில் விளையாட விடவும் எழுந்த தோட்டங்களில் அதுவும் ஒன்று. இன்று அந்த வரிசையில் நாங்களும் நிற்கிறோம். ஊரிலிருந்து வந்து நாலு சுவருக்குள் இருக்கும் அம்மா அப்பாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். குப்பை மக்கிவிட்டதா என்று கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். நோர்வே மொழி தெரியாவிட்டாலும் அவர்களுக்கு மண் தெரியும்.

அடுத்த இதழில்: பல்கனியில் மிளகாய்.